மார்கழியிலும் நடப்போம்

மே மாதக் கடைசியில் சென்னையில் சூரியன் காலை 5.42-க்கெல்லாம் உதித்துவிடுகிறது. ஜனவரி மூன்றாவது வாரத்தில் அது 6.35 ஆகிவிடுகிறது. ஐம்பது நிமிடத்துக்கும் மேல் தள்ளிப்போகிறது விடியல். கோடையில் ஐந்தரை மணிக்கு வாசல் கதவைத் திறந்தால் தெரு துலக்கமாகத் தெரியும். பால் பாக்கெட் போடுகிறவர் அடுத்த தெருவுக்குப் போயிருப்பார். மார்கழியில் அதே ஐந்தரைக்குத் திறந்தால் கும்மிருட்டு, தெருவிளக்கு, ஈரத் தரை. போர்வைக்குள் திரும்பிப் போக வேறு காரணமே வேண்டாம்.

மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவானாலும், கோவை ரேஸ் கோர்ஸ் நடைபாதையானாலும், மதுரை வண்டியூர் தெப்பக்குளக் கரையானாலும், வருடா வருடம் நடப்பது ஒன்றுதான். ஐப்பசியில் அடைமழை தொடங்கியதும் காலைக் கூட்டம் மெலிகிறது. “மழை விடட்டும், போகலாம்” என்கிறோம். கார்த்திகையில் “புயல் கரையைக் கடக்கட்டும்.” மார்கழியில் “இந்தப் பனி குறையட்டும்.” தையில் “பொங்கல் முடியட்டும், திங்கட்கிழமையிலிருந்து ஆரம்பிச்சுடலாம்.” இதற்குள் நான்கு மாதம் ஓடிவிடுகிறது. மாசியில் மறுபடி ஷூவைத் தேடி எடுக்கும்போது மூச்சு வாங்குகிறது, முழங்கால் பிடிக்கிறது, சர்க்கரை அளவு ஏறியிருக்கிறது. ஓரளவு பழகி நிமிரும் நேரத்தில் பங்குனி வெயில் வந்து மறுபடி வீட்டுக்குள் தள்ளிவிடுகிறது.

இதில் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டுச் சமவெளியில் வாழ்கிறவர்களுக்கு உடலை உழைக்க வைக்க ஆண்டிலேயே சிறந்த பருவம் இந்தக் குளிர்காலம்தான். அதைத்தான் நாம் கைநழுவ விடுகிறோம்.

ஓடுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். நெடுந்தூர ஓட்டத்துக்கு உகந்த வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸை ஒட்டியது என்பது உலக மாரத்தான்களின் அனுபவம். சென்னை ஒருபோதும் அந்த அளவுக்கு இறங்காது. ஆனால் ஜனவரி அதிகாலையில் 20, 21 டிகிரிக்கு வருகிறது. நமக்குக் கிடைக்கக்கூடியதில் அதுதான் சிறந்தது. சென்னை மாரத்தான் ஜனவரித் தொடக்கத்தில் வைக்கப்படுவது இதனால்தான். மே மாதத்தில் அரை மணி நேரம் நடந்தாலே சட்டை நனைந்து ஒட்டிக்கொள்ளும். காற்றில் ஈரப்பதம் மிகுந்திருப்பதால் வியர்வை ஆவியாகாது, உடல் சூடு தணியாது, இதயம் கூடுதலாக அடித்துக்கொள்ளும். அதே மனிதர் ஜனவரியில் அதே வேகத்தில் முக்கால் மணி நேரம் நடந்தும் தெம்பாக வீடு திரும்புகிறார். உடல் மாறிவிடவில்லை. சூட்டைத் தணிக்கச் செலவிட்ட சக்தி மிச்சமாகியிருக்கிறது.

விட்டால் என்ன ஆகும்?

“நாலு மாசம்தானே, பிறகு பார்த்துக்கலாம்” என்பதற்கு விடை 1984-லேயே கிடைத்துவிட்டது. அமெரிக்க ஆய்வாளர் எட்வர்ட் காயில் குழுவினர், நன்கு பயிற்சி பெற்றவர்களை முழுவதுமாகப் பயிற்சியை நிறுத்தச் சொல்லிக் கண்காணித்தார்கள். உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத்திறன் முதல் 21 நாளில் 7 சதவீதம் குறைந்தது. 56 நாள் ஆனபோது இழப்பு 16 சதவீதம். 56 நாள் என்பது ஏறக்குறைய கார்த்திகையும் மார்கழியும். அவர்கள் பல வருடம் பயிற்சி எடுத்தவர்கள். சமீபத்தில் நடக்க ஆரம்பித்த ஐம்பது வயதுக்காரருக்கு இழக்கக் கையிருப்பே குறைவு.

சர்க்கரை நோயாளிகளுக்குக் கணக்கு இன்னும் கறார். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானபோது, இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடிப் பேர் என்று தெரிந்தது. நாம் நடக்கும்போது தசைகள் ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்கின்றன. நடை முடிந்த பிறகும் இன்சுலின் மேலும் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் அந்தப் பலன் ஒரு நாளிலிருந்து அதிகம் போனால் மூன்று நாள் வரைதான் தங்கும். அதனால்தான் அமெரிக்க நீரிழிவுச் சங்கம், உடற்பயிற்சியில் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள் என்று சொல்கிறது. மூட்டை கட்டி வைத்துக்கொள்ள முடியாத பலன் இது. புரட்டாசியில் நடந்தது மார்கழிக்கு உதவாது.

குளிர் மாதங்களில் சர்க்கரை அளவு சற்றே ஏறுவதைப் பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். நம் ஊரில் தீபாவளியிலிருந்து பொங்கல் வரை வீட்டில் செய்கிற பலகாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முறுக்கும் அதிரசமும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. சாப்பிட்ட கையோடு பத்து, பதினைந்து நிமிடம் நடந்தால் உணவுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் தணியும். விருந்து நாளில் வீட்டோடு எல்லோரும் எழுந்து தெருமுனை வரை போய்வரலாம். இதற்கு ஷூகூட வேண்டாம்.

நடப்பதற்கென்றே வந்த மாதங்கள்

குளிர்காலத்தில் நடை நிற்பது நம் வழக்கமே இல்லை என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். தமிழர்கள் அதிகம் நடக்கிற மாதங்கள் கார்த்திகை, மார்கழி, தை. தீபத்துக்குத் திருவண்ணாமலையில் லட்சக்கணக்கானவர்கள் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் சுற்றிவருகிறார்கள். மார்கழி விடிகாலையில் மயிலாப்பூர் மாடவீதிகளில் பஜனை ஊர்வலம் போகிறது. ஒரு காலத்தில் பாபநாசம் சிவன் முன்னின்று பாடிக்கொண்டு நடந்த வீதிகள் அவை. தெருவெங்கும் பெண்கள் குனிந்து நிமிர்ந்து, சுற்றிச் சுற்றி வந்து பெரிய கோலம் போடுகிறார்கள். தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடி குன்றக்குடியிலிருந்து கிளம்பி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்குப் போகிறது. நானூறு ஆண்டுக்கும் மேலான வழக்கம். அந்தப் பனியில், வெறுங்காலில், வயதானவர்களும் நடக்கிறார்கள்.

அவர்களால் எப்படி முடிகிறது? பக்தி என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். நான் கூடவே வேறொன்றையும் பார்க்கிறேன். தேதி முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கிறது. ஒரு கூட்டம் சேர்ந்து போகிறது. கிளம்பும் நேரத்தைத் தனி ஆளின் மனநிலை தீர்மானிப்பதில்லை. மாலை போட்டுக்கொண்டவர் “இன்னிக்குக் குளிரா இருக்கு” என்று யோசிப்பதில்லை. குருசாமி காத்திருப்பார். நடைப்பயிற்சிக்கும் இந்த மூன்றும் அமைந்தால் போர்வை தோற்றுப்போகும். தனியாக நடப்பவர் இந்த நான்கு மாதத்துக்காவது ஒரு ஜோடியைப் பிடித்துக்கொள்வது நல்லது. தெருமுனையில் ஒருவர் நிற்கிறார் என்றால் எழுந்துவிடுவோம்.

2023 நவம்பரில் தமிழக அரசு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தைத் தொடங்கி, மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. நடைப்பயிற்சித் திட்டமொன்று நவம்பரில் தொடங்கியதை நான் நல்ல சகுனமாகவே எடுத்துக்கொள்கிறேன். உங்கள் மாவட்டத்துப் பாதை எது என்று விசாரித்து, அங்கே கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளலாம்.

யாத்திரை இன்னொரு பாடத்தையும் கையோடு வைத்திருக்கிறது. சபரிமலையில் பம்பையிலிருந்து சன்னிதானத்துக்கு ஏறும் நீலிமலை, அப்பாச்சிமேடு வழி செங்குத்தானது. ஒவ்வொரு மண்டல காலத்திலும் அந்த ஏற்றத்தில் நெஞ்சுவலி வந்து விழுகிறவர்கள் உண்டு. அதற்காகவே வழியெங்கும் அவசர சிகிச்சை மையங்களும் ஆக்சிஜன் வசதியும் வைத்திருக்கிறார்கள். மலைக்கு வருமுன் சில நாளாவது நடந்து பழகுங்கள் என்று கேரள சுகாதாரத் துறை பக்தர்களைக் கேட்டுக்கொள்கிறது. ஐப்பசி மழையோடு நடையை நிறுத்திவிட்டு, மார்கழியில் நேரே மலையேறப் போகிறவர்கள் இந்த ஒரு வரியைக் கட்டாயம் கேட்க வேண்டும். 41 நாள் விரதம் என்பது உடலைத் தயார்ப்படுத்தக் கிடைத்த 41 நாள்தான். தினமும் அரை மணி நேர நடை, கடைசி இரண்டு வாரம் படியேற்றம் என்று வைத்துக்கொண்டால் போதுமானது. சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலில் நடக்கும் நேர்த்திக்கடனுக்கு முன் மருத்துவரிடம் பாதத்தைக் காட்டிவிட வேண்டும். பனியில் குதிகால் வெடித்திருக்கும். உணர்ச்சி குறைந்த பாதத்தில் முள் குத்தினாலும் தெரியாது. அந்தப் புண் ஆற மாதக்கணக்காகும், சில நேரம் ஆறாமலே போகும்.

மழை நாளில் மொட்டை மாடிப்படி

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, 48 சதவீதம், அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டுகிறது. சென்னைக்கு இந்தப் பங்கு இன்னும் அதிகம். ஆகவே நம் பருவத்தில் நடையை முதலில் குலைப்பது மழைதான், குளிர் பிறகுதான் வருகிறது. தேங்கிய நீரில் திறந்த சாக்கடை தெரியாது, மின்கம்பி அறுந்து கிடக்கலாம், காலில் சிராய்ப்பு இருந்தால் எலிக் காய்ச்சல் கிருமி நுழையலாம். அப்படிப்பட்ட நாளில் தெருவில் இறங்கி வீரம் காட்ட வேண்டாம்.

வீட்டுக்குள் செய்ய நிறைய இருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் மாடிப்படி இருக்கிறது. பத்து நிமிடம் ஏறி இறங்கினால் சமதள நடையைவிட இதயம் நன்றாக உழைக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் ஏறுவதோடு நிறுத்திக்கொண்டு, இறங்க லிஃப்ட்டைப் பயன்படுத்தலாம். வலியைக் கிளறுவது பெரும்பாலும் இறக்கம்தான். ஹாலில் எட்டு போட்டு நடக்கிறவர்கள் இருக்கிறார்கள். எட்டு நடை எல்லா நோயையும் தீர்க்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்ப வேண்டாம். ஆனால் சின்ன இடத்தில், தலைசுற்றாமல், இடமும் வலமுமாகத் திரும்பித் திரும்பி அரை மணி நேரம் நடக்க அது நல்ல வழிதான்.

மழைக்காலத்தை நான் தசைக்கு ஒதுக்கச் சொல்வேன். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது. அதே வழிகாட்டுதலில், வாரம் இரண்டு நாளாவது தசைகளை வலுவாக்கும் பயிற்சி வேண்டும் என்றும் இருக்கிறது. நடக்கிறவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டாவது பாதியைத் தொடுவதே இல்லை. வயது ஏற ஏறத் தொடைத் தசை கரைகிறது. குளியலறையில் வழுக்கினால் சமாளித்து நிற்கும் வலு போகிறது. நம்மிடம் தண்டால் இருக்கிறது, பஸ்கி இருக்கிறது, கர்லாக்கட்டை இருக்கிறது. பிள்ளையார் முன்னால் போடுகிற தோப்புக்கரணம் இருக்கிறது. இவை எதற்கும் கட்டணம் இல்லை, கூரை இருந்தால் போதும். முழுத் தண்டால் எடுக்க முடியாதவர் சுவரில் கை ஊன்றித் தள்ளலாம். உட்கார்ந்து எழ முடியாதவர் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து முறை எழலாம். ஐப்பசியில் பத்து என்று தொடங்கினால் தைக்குள் முப்பதுக்குப் போய்விடலாம். மாசியில் மறுபடி பூங்காவுக்கு வரும்போது கால் வேறு மாதிரி நிற்கும்.

கடிகாரத்தை நகர்த்துங்கள்

சமவெளியில் குளிருக்கு நான் சொல்லக்கூடிய மிக முக்கியமான ஆலோசனை இதுதான். நடையைக் காலை ஐந்தரையோடு கட்டிப்போட்டு வைத்திருக்கிறோம். ஐந்தரை போனால் அன்றைக்கு நடையே இல்லை என்று ஆகிவிடுகிறது. கார்த்திகை பிறந்ததும் நேரத்தை ஆறே முக்காலுக்கோ ஏழுக்கோ தள்ளுங்கள். அலுவலகம் போகிறவருக்கு அது முடியாதென்றால் மாலைக்கு மாற்றுங்கள். அல்லது இரண்டாக உடையுங்கள்: காலையில் பதினைந்து நிமிடம், மதியச் சாப்பாட்டுக்குப் பின் பதினைந்து. உடலுக்கு மொத்தக் கணக்குதான் முக்கியம். டிசம்பர், ஜனவரியில் மதியம்கூட நிழலோரமாக நடக்க முடிகிறது. மே மாதத்தில் இதைக் கனவிலும் நினைக்க முடியாது.

நேரத்தைத் தள்ளச் சொல்ல மருத்துவக் காரணமும் உண்டு. குளிரில் தோலுக்கு அடியிலுள்ள ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. ரத்த அழுத்தம் ஏறுகிறது. தூங்கி எழுந்த முதல் சில மணி நேரத்தில் அது இயல்பாகவே ஏறும். இரண்டும் சேர்கிற நேரம் அதிகாலை. மாரடைப்பும் பக்கவாதமும் குளிர்காலத்தில் அதிகம் வருவதை மருத்துவர்கள் நெடுநாளாகப் பார்த்துவருகிறார்கள். அதற்காக நடையை விட்டுவிட்டால் அழுத்தம் இன்னும் ஏறத்தான் செய்யும். வீட்டுக்குள்ளேயே ஐந்து பத்து நிமிடம் கை, கால், தோளை அசைத்துச் சூடேற்றிக்கொண்டு வெளியே வாருங்கள். முதல் ஐந்து நிமிடம் மெதுவாகப் போங்கள். முடிக்கும்போதும் சட்டென்று நிற்காமல் தளர்த்தி நடங்கள். நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை என்று எது வந்தாலும் “வாயுத் தொல்லை” என்று சோடா குடித்துவிட்டு நடையைத் தொடராதீர்கள். 108-ஐ அழையுங்கள்.

பனி மூட்டத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. குளிர்ந்த அதிகாலையில் தரையோரக் காற்று கனத்துக் கிடக்கிறது. மேலே சற்று வெதுவெதுப்பான காற்று மூடிபோல் உட்கார்ந்துகொள்கிறது. வண்டிப் புகையும் குப்பை எரித்த புகையும் மேலே போக வழியில்லாமல் நாம் மூச்சு விடும் உயரத்திலேயே தேங்குகின்றன. வெயில் ஏறி நிலம் சூடானபின்தான் அது கலைகிறது. தீபாவளி மறுநாளும் போகியன்றும் இதை எல்லோரும் கண்ணால் பார்க்கிறோம். 2018 போகியன்று சென்னை விமான நிலையமே புகையில் திணறி, விமானங்கள் தாமதமாயின. அந்த இரண்டு விடியற்காலையிலும் ஆஸ்துமா உள்ளவர்கள் வெளியே நடக்கவே கூடாது. மற்றவர்களும் மாலைக்குத் தள்ளுவது நல்லது. ஆஸ்துமாக்காரர்கள் குளிர் முழுவதற்கும் மஃப்ளரை மூக்கு வரை சுற்றிக்கொண்டால் உள்ளே போகும் காற்று சற்று வெதுவெதுப்பாகும். நடைக்கு முன் இன்ஹேலர் எடுக்கச் சொல்லி மருத்துவர் எழுதியிருந்தால் அதைத் தவறவிட வேண்டாம்.

பனியில் நடந்தால் சளி பிடிக்கும் என்று வீட்டில் சொல்வார்கள். அக்கறையில் சொல்வது. சளியைத் தருவது வைரஸ். கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு நெருங்கி உட்காரும் அறைகளில் அது எளிதாகத் தொற்றுகிறது. லேசான மூக்கொழுகல் இருக்கும்போது மெதுவாக நடக்கலாம். காய்ச்சல், உடல்வலி, நெஞ்சுச் சளி என்றால் முழு ஓய்வு. டெங்கு, சிக்குன்குனியா வந்து எழுந்தவர்கள் பழைய தூரத்தை அடையச் சில வாரம் எடுத்துக்கொள்ள வேண்டும். அவசரப்பட்டால் மூட்டு வலி நீடிக்கும்.

தாகத்தையும் குளிர் மறைத்துவிடும். வியர்வை தெரியாததால் தண்ணீர் குடிக்கத் தோன்றாது, சிறுநீரோ அடிக்கடி போகும். கிளம்புமுன் ஒரு தம்ளர் வெந்நீர், வந்ததும் ஒன்று.

இருட்டில்தான் நடக்க முடியும் என்கிறவர்கள் வெளிர் நிறச் சட்டை போடுங்கள். எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி சாலையின் வலது ஓரமாக நடங்கள். பழனி பாதயாத்திரைக் காலத்தில் நெடுஞ்சாலையில் வண்டி மோதி உயிர் போன செய்திகளை ஒவ்வொரு வருடமும் படிக்கிறோம். காவல்துறை அவர்களுக்கு ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவது அதனால்தான். அந்த ஸ்டிக்கர் சைக்கிள் கடையிலேயே கிடைக்கும். ஒன்றை வாங்கி முதுகில் ஒட்டிக்கொள்ளுங்கள். காதில் ஹெட்போன் வேண்டாம்.

மலையில் இருப்பவர்களுக்கு

இதுவரை சொன்னது சமவெளிக்கு. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் குளிர் உண்மையிலேயே குளிர்தான். நவம்பரில் நீர்ப்பனி, பிறகு உறைபனி. தலைகுந்தா போன்ற தாழ்வான பகுதிகளில் விடியும்போது புல்வெளி வெள்ளையாகிவிடுகிறது, வண்டிகளின் மேல் பனிப்படலம் படிகிறது. அங்கே வெயில் நன்றாக விழுந்து, எட்டு மணிக்கு மேல்தான் நடக்க வேண்டும். தடித்த ஒரே ஸ்வெட்டரைவிட இரண்டு மூன்று மெல்லிய அடுக்குகள் நல்லவை. உடல் சூடானதும் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். உள்ளே பருத்தி பனியன் போட்டால் வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும், நின்றவுடன் குளிர் எலும்பில் ஏறும். அதற்குக் கம்பளியோ விளையாட்டு வீரர்கள் போடும் சட்டையோ மேல். தலை, காது, கைவிரல் மூன்றையும் மூட வேண்டும். இறக்கத்தில் ஈரப் பாசி வழுக்கும் என்பதால் ஷூவின் அடிப்பாகம் தேய்ந்திருக்கக் கூடாது.

கொடைக்கானல்காரர்களுக்குச் சொல்லித்தர எதுவுமில்லை. ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் அவர்களுக்கு அன்றாடம். 1872-ல் மலைவிளிம்பை ஒட்டி அமைத்த கோக்கர்ஸ் வாக் இன்றும் நடப்பதற்கென்றே இருக்கிறது. டிசம்பர் விடுமுறையில் அங்கே போகிற சமவெளிக்காரர்கள் முதல் நாளே வேகமாக ஏற்றம் ஏறிவிடுகிறார்கள். உயரமும் குளிரும் இரண்டுமே இதயத்துக்குக் கூடுதல் வேலை வைக்கும். ஒரு நாள் சும்மா உலாவிவிட்டு மறுநாள் ஏறுங்கள்.

பிப்ரவரியில் சூரியன் மெல்ல முன்னேறத் தொடங்கும். மாதக் கடைசிக்குள் சென்னையில் ஆறரைக்கு முன்பே விடிந்துவிடும். வாரத்துக்கு ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று நடையையும் முன்னால் இழுத்துக்கொண்டு வாருங்கள். பங்குனி பிறக்கும்போது ஆறு மணிக்கு வந்துவிட்டால், ஏழரைக்குச் சுட ஆரம்பிக்கும் வெயிலுக்கு முன் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். ஐந்தரைக்காரர்கள் சித்திரையில் மறுபடி தங்கள் பழைய நேரத்துக்கு வந்து சேர்வார்கள்.